மிஷின் தொரட்டியும் யாரும் படிக்காத மேனுவலும்

ரெண்டு மாசமா இந்தக் கடையில ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன். ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. பிடுங்கினது பாதி, நானே அடிச்சு வச்சது மீதி. அதை விடுங்க. இந்தப் பதிவு பொட்டி தட்டுறதைப் பத்தி இல்லை, மாமரத்துல கிளை வெட்டுறதைப் பத்தி. "இவனுக்கு எதுக்குடா இந்த வேலை"ன்னு நீங்க முனகுறது பெங்களூர் வரைக்கும் கேக்குது. கொஞ்சம் பொறுங்க. ஊர்ல தோப்பு வச்சிருக்கிறவங்க, வீட்டுக்குப் பின்னாடி ஒத்தை வேப்பமரம் வச்சிருக்கிறவங்க, "அப்பா, ஆள் கிடைக்கலேன்னா மிஷின் வாங்கிக்கலாமே"ன்னு போன்ல ஐடியா குடுக்கிறவங்க எல்லாருக்கும் இதுல மேட்டர் இருக்கு.

ஒரு எலும்பு உடைஞ்ச கதை இது. உடைஞ்சது என்னோட எலும்பு இல்லை. தப்புல பெரிய பங்கு மட்டும் என்னோடது.

கொசுவர்த்தியைக் கொஞ்சம் சுத்திக்கறேன்.

எங்களுக்குக் காவேரிப்பட்டணம் பக்கத்துல நாலு ஏக்கர் மாந்தோப்பு. பெரும்பாலும் பெங்களூரா. அதாங்க, கிளி மூக்கு மாதிரி இருக்குமே, கூழ் ஃபேக்டரிக்குப் போறது. ஓரத்துல கொஞ்சம் செந்தூரா. காய் இறங்கி முடிஞ்சதும் ஆகஸ்ட், செப்டம்பர்ல கவாத்து பண்ணணும். காஞ்ச கிளை, உள்பக்கமா வளர்ந்த கிளை, ஒண்ணு மேல ஒண்ணு உரசுற கிளை எல்லாத்தையும் எடுத்தாத்தான் உள்ள வெயில் இறங்கும், அடுத்த வருஷம் பூ பிடிக்கும். நான் சின்னப் பையனா இருந்தப்ப மரமேற ஆள் இருந்தாங்க. இடுப்புல அரிவாள், கையில தொரட்டி, அவ்வளவுதான். இப்ப மரமேறுறவங்க எல்லாருக்கும் வயசாயிடுச்சு. அவங்க பசங்க ஓசூர்ல கம்பெனி வேலைக்குப் போறாங்க. அது நல்ல விஷயம்தான்.

அதனால அப்பா ஒரு போல் ப்ரூனர் வாங்கினார். நான்தான் நெட்ல பாத்து, ரிவ்யூ எல்லாம் படிச்சு, ஆர்டர் போட்டேன். பாக்காதவங்களுக்கு ஒரு வார்த்தை: கீழ் முனையில சின்ன டூ ஸ்ட்ரோக் இன்ஜின். அதுலருந்து நீளமா ஒரு குழாய், அதுக்குள்ள சுத்துற ஒரு ராடு. மேல் முனையில கியர் பாக்ஸ், அதுல 10 இன்ச் பார், அதைச் சுத்தி ஓடுற செயின். முழுசா நீட்டினா கிட்டத்தட்ட 4 மீட்டர். எடை ஏழு கிலோவுக்கு மேல. சுருக்கமா சொன்னா, தொரட்டி நுனியில அரிவாளுக்குப் பதிலா மரமறுக்கிற மிஷினைக் கட்டின மாதிரி. எங்க தோப்புல அதுக்குப் பேரே 'மிஷின் தொரட்டி'ன்னு ஆயிடுச்சு.

வாங்கின அன்னைக்கு எங்க எல்லாருக்கும் ஒரே நினைப்பு: "அப்பாடா, இனிமே யாரும் மரமேற வேணாம், கீழ விழ வேணாம். தரையில நின்னுக்கிட்டே வெட்டலாம், பயமே இல்லை."

இந்தப் 'பயமே இல்லை'தான் மொத்தப் பிரச்சினையும்.

2024 ஆகஸ்ட், ஒரு சனிக்கிழமை சாயந்திரம். நான் லீவுக்குப் போயிருந்தேன். எங்க தோப்பு வேலையெல்லாம் பாக்குற அண்ணன்தான் மிஷினைப் பிடிச்சிருந்தார். கூலி, மரத்துக்கு இவ்வளவுன்னு பேச்சு. மேற்கால மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு. இன்னும் மூணு மரம் பாக்கி. தொடை கனத்துக்கு ஒரு கிளை, நல்ல உயரத்துல, சாஞ்சு கிடந்துச்சு. அவர் அண்ணாந்து பாத்துட்டு, "நாளைக்குப் பாத்துக்கலாமா தம்பி"ன்னார். நான் மறுநாள் ராத்திரி பஸ் ஏறணும். "அந்த ஒண்ணை மட்டும் முடிச்சிரலாம்ணே, கொஞ்சம் பக்கமா போய் நின்னு பிடிங்க, எட்டும்"னேன்.

எட்டுச்சு. எட்டணும்னா கிட்டத்தட்ட கிளைக்கு நேர் கீழ நிக்க வேண்டியிருந்துச்சு. செயின் வேற மழுங்கிப் போயிருந்துச்சு. மேலருந்து கோலமாவு மாதிரி தூள்தான் கொட்டுச்சு. அதனால அவர் முழு பலத்தையும் போட்டு அழுத்தினார். பாதி வெட்டு கூட இறங்கல, கிளை சொந்த கனத்துல 'சடார்'னு கிழிஞ்சது. முழுசா அறுந்து விழல. பட்டையோட உரிஞ்சு, கதவு கீல்ல ஆடுற மாதிரி உள்பக்கமா ஆடி, குழாய் மேலேயே சறுக்கிக்கிட்டு நேரா அவர்கிட்ட வந்துச்சு. தோள் பட்டையில மிஷினை மாட்டியிருந்ததால அவரால ஒதுங்கவும் முடியல.

வலது தோள். காலர் எலும்பு முறிவு. ஒரு ஜாண் இந்தப் பக்கம் வந்திருந்தா தலை. தலையில இருந்தது ஒரு துண்டு.

ஆஸ்பத்திரியில கையைத் தூளி மாதிரி கட்டித் தொங்கவிட்டு, ஆறு வாரம் அசைக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. அவர் என்னைப் பாத்து சொன்னது இன்னமும் காதுல இருக்கு: "நீங்க என்ன தம்பி பண்ணுவீங்க, என் நேரம்."

மறுநாள் நான் பஸ் ஏறல. ஷெட்டுல போய் மிஷின் வந்த அட்டைப்பெட்டியைத் தேடினேன். அடியில மேனுவல், பிளாஸ்டிக் உறை கூட பிரிக்காம இருந்துச்சு. இங்கிலீஷ், இந்தி, இன்னும் பாக்காத நாலு பாஷை. தமிழ் இல்லை. திண்ணையில உக்காந்து படிச்சேன். முதல் சில பக்கத்துலயே, படம் போட்டு, நேத்து நடந்தது அப்படியே இருந்துச்சு. கிளைக்கு நேர் கீழ நிக்காதே. குழாயைத் தரையிலருந்து 60 டிகிரிக்கு மேல தூக்காதே. கனமான கிளையைத் துண்டு துண்டா வெட்டு. மழுங்கின செயினோட வேலை செய்யாதே. வேலை செய்யிறவரைச் சுத்தி 15 மீட்டருக்குள்ள வேற யாரும் நிக்கக் கூடாது. நான் எங்க நின்னேன்? மூணு மீட்டர் தள்ளி, செல்போன்ல வீடியோ எடுத்துக்கிட்டு.

படிச்சுப் பொழைக்கிறவன் நான். ஆபீஸ்ல ஒரு சின்ன லைப்ரரி போடறதுக்குக் கூட டாக்குமென்ட் படிக்கிறவன். தலைக்கு மேல செயின் ஓடுற மிஷினுக்குப் படிக்கல. படிச்சிருக்க வேண்டியவன் அந்த வீட்டுல நான் ஒருத்தன்தான். மிஷினைப் பிடிக்கிறவருக்கு அந்தப் புஸ்தகம் போய்ச் சேர வழியே இல்லை.

அது அவர் நேரமான்னு கேட்டா, இல்லைங்க. டிகிரி. கணக்கு போட்டுக் காட்டறேன், அஞ்சு நிமிஷம்தான் ஆகும்.

குழாய் நீளம் 4 மீட்டர்னு வச்சுக்கங்க. 60 டிகிரியில பிடிச்சா, நுனி உங்க கையிலருந்து சுமார் 3.5 மீட்டர் உயரத்துல இருக்கும். பக்கவாட்டுல 2 மீட்டர் தள்ளி இருக்கும். இப்ப எட்டலையேன்னு 80 டிகிரிக்குத் தூக்கறீங்க. உயரம் 3.9 மீட்டர் ஆகும். பக்கவாட்டு தூரம்? 70 சென்டிமீட்டர். அதாவது அரை மீட்டர் கூட உயரம் கிடைக்கல, அதுக்காக 1.3 மீட்டர் பாதுகாப்பை வித்துட்டீங்க. பத்தாங்கிளாஸ் சைன், காஸ்தான். இன்ஜினியரிங் படிச்சும் இதை அன்னைக்கு எனக்கு யோசிக்கத் தோணல.

அடுத்தது நேரம். 5 மீட்டர் உயரத்துலருந்து அறுந்த கிளை, ஆள் தலை உயரத்துக்கு வர முக்கால் செகண்டுக்குக் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான். அந்த நேரத்துல வேகம் மணிக்கு 29 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். 'விழறப்ப ஒதுங்கிக்கலாம்'னு எல்லாரும் சொல்றோம். ஏழு கிலோ மிஷினைத் தோள்ல மாட்டி, ரெண்டு கையாலயும் பிடிச்சு, அண்ணாந்து பாத்துக்கிட்டு, இன்ஜின் சத்தத்துல, கால் கீழ ஏற்கெனவே வெட்டிப் போட்ட கிளைங்க கிடக்கறப்ப, ஒரு செகண்டுக்குள்ள ஒதுங்கிக் காட்டுங்க பாப்போம். ஒதுங்கறதை முன்னாடியே பண்ணி வச்சிருக்கணும். நிக்கிற இடம்தான் ஒதுங்கறது.

பழைய தொரட்டிக்காரங்களுக்கு இது தெரியும். தொரட்டியைக் கொக்கி போட்டு இழுக்கிறப்பவே அரை அடி பின்னாடி வச்சுத்தான் இழுப்பாங்க. கையால இழுக்கிறதால கிளை எப்ப பிடி விடுதுன்னு கைக்கே தெரியும். மிஷின்ல அந்த உணர்வு போயிடுது. இன்ஜின் அதிர்வுல கிளை விரிசல் விடற சத்தமும் கேக்காது, கைக்கும் தெரியாது. அதைத்தான் கண்ணும், நிக்கிற இடமும் ஈடுகட்டணும்.

சரி, பராமரிப்புக்கு வருவோம். "மிஷினை நல்லா வச்சுக்கிறது மிஷின் ஆயுசுக்காக"ன்னுதான் நானும் நினைச்சிருந்தேன். பாதி அது ஆள் ஆயுசுக்காக.

செயின் மழுங்கினா என்ன ஆகுது பாருங்க. கூர்மையா இருந்தா பாரைக் கிளை மேல வச்சாலே போதும், சொந்த எடையில இறங்கும். செதில் செதிலா மரம் கொட்டும். மழுங்கினா பொடி கொட்டும், இறங்காது, ஆள் அழுத்துவாரு. அழுத்தறதுக்காகப் பக்கத்துல வருவாரு, குழாயை நட்டமா நிமிர்த்துவாரு. 60 டிகிரி 80 ஆகறது இப்படித்தான். அன்னைக்கு அந்த அண்ணனைக் கிளைக்குக் கீழ கொண்டு போய் நிறுத்தினதுல என் அவசரத்துக்குப் பங்கு இருக்கு. ஒரு சின்ன உருண்டை அரம் போட்டிருந்தா மிச்சம் சரியாயிருக்கும். செயினுக்கு ஏத்த சைஸ் அரம் வாங்கணும். இந்த மாதிரி சின்ன மிஷின்ல வர்ற கால் இன்ச் பிட்ச் செயினுக்கு 3.2 மில்லி, முக்காலே அரைக்கால்னு ஒண்ணும் இல்லாம எட்டுல மூணு இன்ச் லோ ப்ரொஃபைல் செயினுக்கு 4 மில்லி. ஒரு பக்கமா மட்டும் தள்ளணும், முன்னும் பின்னும் இழுக்கக் கூடாது. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. இடது பக்கப் பல்லுக்கு மூணு தள்ளு, வலது பக்கத்துக்கு அஞ்சுன்னு போட்டா வெட்டு கோணலா ஓடி பார் மாட்டிக்கும்.

அடுத்தது பெட்ரோல். இது புதுத் தலைவலி. இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனால் காத்துலருக்கிற ஈரத்தை இழுக்கும். பைக் தினம் ஓடுது, தெரியாது. கவாத்து மிஷின் வருஷத்துல பத்து மாசம் ஷெட்டுல தூங்குது. டேங்க்ல பெட்ரோலை விட்டு வச்சா தண்ணி பிரிஞ்சு அடியில தங்கும், கார்புரேட்டர்ல இருக்கிற ரப்பர் சவ்வு கெட்டுப்போகும். இப்படிச் சின்ன இன்ஜின் செய்யிற பல கம்பெனிங்க 10 சதவீத எத்தனாலுக்கு மேல வேணாம்னு மேனுவல்ல போட்டிருக்காங்க. உங்க மிஷினுக்கு என்ன சொல்லியிருக்குன்னு பாருங்க. நாங்க இப்ப அன்னன்னைக்கு வேண்டிய அளவுதான் கலக்குறோம். சீசன் முடிஞ்சா டேங்க்கைக் காலி பண்ணிட்டு, இன்ஜின் தானா நிக்கிற வரைக்கும் ஓடவிட்டு வைக்கிறோம்.

"அதுக்கும் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம்"னு கேப்பீங்க. கார்புரேட்டர் கெட்டா ஐடிலிங் நிக்காது. ஐடிலிங் நிக்கலேன்னு ஆக்ஸிலேட்டர் ஸ்க்ரூவைத் திருகிக் கூட்டி வைப்பாங்க. கூட்டினா கிளட்ச் பிடிச்சு, ஆக்ஸிலேட்டரை விட்ட பின்னாடியும் செயின் ஓடிக்கிட்டே இருக்கும். அதோட ஒருத்தர் ஒரு மரத்துலருந்து இன்னொரு மரத்துக்கு நடந்து போவாரு. சம்பந்தம் அங்க இருக்கு.

இப்ப கரண்ட். எங்க தோப்போட தெக்கு மூலையில 11 கேவி லைன் ஒண்ணு குறுக்கால போகுது. அந்த அண்ணன் போன வருஷங்கள்ல அதுக்குப் பக்கத்து மரத்தையும் மிஷினை வச்சே வெட்டியிருக்கார். இதைக் கேட்டப்பதான் எனக்கு நிஜமா வயித்தைக் கலக்குச்சு. குழாய் அலுமினியம். இன்சுலேஷன்னு ஒண்ணுமே கிடையாது. மேல கிளை ஒடிஞ்சு லைன்ல சாஞ்சா பச்சை மரம் வழியாவும் கரண்ட் இறங்கும். ஹை டென்ஷன்ல தொடக்கூட வேணாம், கிட்டப் போனாலே தாவும். ஃபைபர் குழாய்தானேன்னு தைரியப்படறவங்களுக்கு: அழுக்கும் ஈரமும் பட்ட ஃபைபரை நம்ப முடியாது. மேனுவல்ல மின்கம்பியிலருந்து 15 மீட்டர், அதாவது 50 அடி தள்ளி இருக்கச் சொல்லுது. 10 மீட்டர் இடைவெளியில நட்ட தோப்புல அப்படின்னா, லைனுக்கு ரெண்டு பக்கமும் குறைஞ்சது ஒரு வரிசை மரத்தை இந்த மிஷின் தொடவே கூடாது. அந்த மரமெல்லாம் ஈபி ஆபீஸ்ல எழுதிக் குடுத்து, லைனை ஆஃப் பண்ணி, அவங்க ஆளுங்க வந்து வெட்ட வேண்டியது. வர லேட்டாகும், நாலு தடவை நடக்கணும், தெரியும். நடங்க. வீட்டுக்கு வர்ற சாதா 230 வோல்ட் லைனும் ஆளைக் கொல்லப் போதுமானதுதான்.

கடைசியா ஒரு சின்ன விஷயம், மரத்துக்காக. கிளை தாய்மரத்தோட சேர்ற இடத்துல மோதிரம் போட்ட மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். அதை விட்டுட்டு, அதை ஒட்டி வெளிப்பக்கமா வெட்டணும். புடைப்பையும் சேத்து வழிச்சு வெட்டினா காயம் ஆறாது. முளைக்குச்சி மாதிரி நீட்டி விட்டாலும் அது செத்து, உள்ள அழுகல் இறங்கும். அமெரிக்க வனத்துறையில இருந்த அலெக்ஸ் ஷைகோன்னு ஒரு விஞ்ஞானி, ஆயிரக்கணக்கான மரத்தை நெடுக்குல அறுத்துப் பாத்து இதைச் சொன்னார். மரம் நம்மள மாதிரி புண்ணை ஆத்திக்காது, அதைச் சுத்திச் சுவர் எழுப்பி அடைச்சுக்கும்கிறது அவர் கண்டது. அந்தச் சுவரோட அஸ்திவாரம் அந்தப் புடைப்புல இருக்கு.

இப்ப எங்க ஷெட்டுல, மிஷின் மாட்டுற ஆணிக்குப் பக்கத்துல, ஒரு தாள் ஒட்டியிருக்கேன். மேனுவலை அந்த அண்ணனோட உக்காந்து படிச்சு, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதினது. அப்படியே இங்க தர்றேன், வேணுங்கிறவங்க சுட்டுக்கங்க:

1. காலையில முதல்ல மரத்தைச் சுத்தி வந்து மேல பாரு. கரண்ட் கம்பி, தேன் கூடு, தொங்குற காஞ்ச கிளை.

2. ஹெல்மெட், கண்ணாடி, காது மூடி, கையுறை, ஷூ. துண்டு ஹெல்மெட் ஆகாது.

3. செயினைக் கையால இழுத்துப் பாரு, கையுறை போட்டு, இன்ஜின் ஆஃப்ல. பாரை ஒட்டி இருக்கணும், ஆனா சுலபமா நகரணும். சூட்டுல தொய்ஞ்சா மறுபடி சரி பண்ணு. வேலை முடிஞ்சதும் கொஞ்சம் தளர்த்தி வை, ஆறினா இறுகும்.

4. செயின் ஆயில் டப்பா ரொம்பியிருக்கா? பழைய இன்ஜின் ஆயில் ஊத்தாதே.

5. ஸ்டார்ட் பண்ணி ஆக்ஸிலேட்டரை விடு. செயின் நிக்கணும். நிக்கலேன்னா இன்னைக்கு வேலை இல்லை.

6. பின்னாடி போக வழி பண்ணு. ரெண்டு பக்கமும் வழி. கீழ கிடக்கிற கிளையை இழுத்துப் போட்டுட்டு அடுத்ததை வெட்டு.

7. கிளைக்குக் கீழ நிக்காதே. எட்டலேன்னா அந்தக் கிளை நமக்கு இல்லை. ஏணி மேல ஏறி இந்த மிஷினைப் பிடிக்கவே பிடிக்காதே.

8. பெரிய கிளையை நுனியிலருந்து துண்டு துண்டா எடு. கடைசித் துண்டுக்கு முதல்ல அடியில ஒரு கீறல் போடு, கால் பங்கு ஆழம். அப்புறம் அதுக்குக் கொஞ்சம் வெளிப்பக்கமா மேலருந்து வெட்டு. பட்டை உரியாது.

9. பார் மாட்டிக்கிச்சுன்னா இன்ஜினை ஆஃப் பண்ணு. அப்புறம் இழு.

10. காத்து அடிச்சா, மழை வந்தா, வெளிச்சம் போனா, கை நடுங்கினா நிறுத்து. யார் சொன்னாலும்.

கியர் பாக்ஸுக்கு கிரீஸ், ஏர் ஃபில்டர் துடைக்கிறது, பிளக் பாக்கிறதெல்லாம் என் பொறுப்பு. எங்க மிஷினுக்கு சுமார் 25 மணி நேரத்துக்கு ஒரு தடவை கியர் பாக்ஸைப் பாக்கச் சொல்லியிருக்கு. அதை எழுதி வைக்க ஒரு நோட்டும் கட்டித் தொங்குது.

பத்தாவது பாயின்ட்ல "யார் சொன்னாலும்"கிறது அந்த அண்ணன் சேத்தது. சொல்றப்ப என் மூஞ்சியைப் பாக்கல. தாளைப் பாத்துக்கிட்டே சொன்னார்.

இப்ப நான் சொல்ல வந்த கருத்து. தோப்பு வச்சிருக்கிற நண்பர்கள்கிட்ட இதைப் பேசினா எல்லாரும் ஒரே பதில் சொல்றாங்க: "ஹெல்மெட் வாங்கிக் குடுத்தாலும் அவங்க போட மாட்டாங்கப்பா." நானும் அதைத்தான் நம்பினேன். வாங்கிக் குடுத்தேன், அவரும் முதல் நாள் பத்து நிமிஷத்துல கழட்டி வச்சுட்டார். ஏன்னு கேட்டேன். "மத்தியான வெயில்ல மண்டை வேகுது தம்பி"ன்னார். ஆமா, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஏன் வெட்டுறோம்? மரத்துக்கு இவ்வளவுன்னு கூலி பேசினதால. எத்தனை மரம் முடிக்கிறாரோ அவ்வளவு காசு. அரம் போட உக்காந்தா அவருக்குக் காசு நஷ்டம். விழுந்த கிளையை இழுத்துப் போட்டா நஷ்டம். ஈபிக்காரங்களுக்காகக் காத்திருந்தா நஷ்டம். பாதுகாப்பா செய்யிற ஒவ்வொண்ணுக்கும் அவர் பாக்கெட்லருந்து காசு பிடிக்கிற மாதிரி ஒரு ஏற்பாட்டை நாமளே பண்ணி வச்சுட்டு, அவருக்கு அக்கறை இல்லைன்னு நாமளே சொல்றோம்.

அப்பாவோட ரெண்டு நாள் சண்டை போட்டுத்தான் நாள் கூலிக்கு மாத்தினோம். அப்பா பக்கத்துலயும் நியாயம் இருக்கு. கூழ் ஃபேக்டரி விலை கவுந்தா கவாத்துக் காசே கைய விட்டுப் போகுது. ஆனா நான் அவர்கிட்ட ஒரு கணக்கைக் காட்டினேன். அந்த ஆறு வாரக் கூலியை நாங்க குடுத்தோம், ஆஸ்பத்திரிச் செலவும் குடுத்தோம். அதைக் கூட்டிப் பாத்தா, ஹெல்மெட்டு, கண்ணாடி, காது மூடி, அரம், நாள் கூலியால கூடின செலவு எல்லாம் சேந்தாலும் பக்கத்துல வரல. தலையில பட்டிருந்தா கூட்டவே முடியாத கணக்கு. இப்ப காலை ஆறு மணிக்கு ஆரம்பிச்சு பத்தரைக்கு முடிக்கிறோம். ஹெல்மெட் தலையிலேயே இருக்கு.

28,000 ரூபாய்க்கு மிஷின் வாங்க யோசிக்காத நாம, சில நூறு ரூபாய்க்கு ஐ.எஸ். 2925 முத்திரை போட்ட ஹெல்மெட் வாங்க யோசிக்கிறோம். ஏன்னா மிஷினோட பலன் நமக்கு வருது, அடி வேற ஒருத்தருக்கு விழுது. இதைச் சொன்னா கோபம் வரலாம். எனக்கும் என் மேல வந்துச்சு. மிஷின் விக்கிறவங்களும் யோசிக்கணும். தமிழ்நாட்டுல ஒரு தோப்புக்காரருக்கு வித்துட்டு, ஆபத்தை மட்டும் வேற பாஷையில எழுதி வைக்கிறது என்ன நியாயம்? விலையை மட்டும் நல்லா புரியற மாதிரி சொல்றாங்களே. ஆனா அவங்க மாறற வரைக்கும், வாங்கினவன்தான் படிக்கணும். படிச்சு, பிடிக்கிறவரோட பாஷையில, அவர் பக்கத்துல உக்காந்து சொல்லணும். மேனுவல் தமிழாக்கம்கிறது வாங்கினவனோட வேலைன்னு நான் இப்ப நினைக்கிறேன். எழுதத் தெரிஞ்ச பதிவருங்க நாம இத்தனை பேர் இருக்கோம். சினிமா விமர்சனம் வருஷத்துக்கு ஐம்பது எழுதறோம், ஊர்ல இருக்கிற ஒரு மிஷினுக்கு ஒரு பக்கம் எழுத முடியாதா?

போன ஆகஸ்ட்ல மறுபடி கவாத்து ஆரம்பிச்சப்ப நானும் போயிருந்தேன். அந்த அண்ணன் தோள் இப்ப பரவாயில்லை, மழை நாள்ல மட்டும் வலிக்குதுங்கறார். முதல் மரம். ஹெல்மெட் போட்டு, பெல்ட் மாட்டி, மரத்தைச் சுத்தி வந்து மேல பாத்தார். நான் பழக்க தோஷத்துல கிட்டப் போய் செல்போனைத் தூக்கினேன்.

இன்ஜினை ஆஃப் பண்ணிட்டுத் திரும்பினார்.

"தம்பி, பதினஞ்சு மீட்டர்."

எண்ணி இருபது அடி எடுத்து வச்சுப் பின்னாடி போனேன். போன வருஷம் அந்த மாதிரி ஒரு வார்த்தையை என்கிட்ட சொல்ல அவருக்கு இடம் இல்லாம நாங்கதான் வச்சிருந்தோம்.

டிஸ்கி 1: நான் மரவெட்டு நிபுணன் இல்லை. ஒவ்வொரு மிஷினுக்கும் அளவு, பெட்ரோல் கலவை எல்லாம் மாறும். 50:1ஆ 25:1ஆன்னு என்கிட்ட கேக்காதீங்க, உங்க மேனுவல் சொல்றதுதான் சரி. பிளாஸ்டிக் உறையைப் பிரிச்சா உள்ள இருக்கும்.

டிஸ்கி 2: உங்க ஊர்ல களை வெட்டுற மிஷின், பவர் டில்லர், மருந்தடிக்கிற மிஷின் எதுக்காவது இப்படி ஒரு தாள் எழுதி ஒட்டியிருந்தீங்கன்னா பின்னூட்டத்துல போடுங்க. எங்க ஷெட் சுவத்துல இன்னும் நிறைய இடம் இருக்கு.